நிலைவாசல் வழியே ஒரு நடை: காவிரிப் படுகையின் பழைய கதவுகள்

இறைவனைத் தொழும் இடத்தை அரபியர் 'மஸ்ஜித்' என்றனர். ஸஜ்தா செய்யும் இடம் என்பது அதன் பொருள். பாரசீகமும் உருதுவும் அச்சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டன. தமிழ் முஸ்லிம்கள் மட்டும் 'பள்ளிவாசல்' என்றார்கள். மினாராவையும் மிஹ்ராபையும் விட்டுவிட்டு, நுழையும் இடத்தையே முழுக் கட்டடத்திற்கும் பெயராக்கினார்கள். நாள்தோறும் ஐந்து முறை நம் நாவில் புழங்கும் சொல்லுக்குள் ஒரு வாசல் இருக்கிறது என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை.

'வாசல்' என்பது 'வாயில்' என்பதன் பேச்சு வடிவம். 'வாயில்' என்பதோ 'இல்வாய்' என்பது முன்பின்னாக மாறி நிற்கும் இலக்கணப் போலி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். இல்லத்தின் வாய் என்பது பொருள். அதே பாடத்தில் 'கால்வாய்' என்பது 'வாய்க்கால்' ஆனதும் எடுத்துக்காட்டாக வரும். இந்த இரண்டு சொற்களும் அடுத்தடுத்து நிற்பது எங்கள் பகுதிக்கு மிகவும் பொருந்தும். காவிரிப் படுகையில் வாய்க்கால் வழியே வயலுக்குள் நீர் வருகிறது. வாயில் வழியே வீட்டுக்குள் மனிதரும் நெல்லும் வருகின்றனர். தஞ்சையின் வரலாறு பெரும்பகுதி இந்த இரண்டு வழிகளில்தான் நடந்திருக்கிறது.

வாசலுக்குப் பெயர் சூட்டுவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1010ஆம் ஆண்டு நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலில் நுழைவோர் முதலில் கேரளாந்தகன் திருவாசலையும், அடுத்து இராஜராஜன் திருவாசலையும் கடக்கின்றனர். ஒன்று மன்னனின் வெற்றிப் பட்டம், மற்றொன்று அவனது பெயர். தஞ்சை நகரின் கீழவாசல் கோட்டையின் கிழக்கு வாயிலால் பெயர் பெற்ற பகுதி. இன்று அங்கே காய்கறிக்கும் மீனுக்கும் பேரம் பேசுகிறவர்களுக்குக் கோட்டை நினைவில் இருக்காது. ஆயினும் முகவரி எழுதும்போது வாசலைத்தான் எழுதுகிறார்கள்.

நான் வாசல்களைப் பார்க்கத் தொடங்கியதற்கு வரலாற்று ஆர்வம் காரணமன்று. இரத்தத்தில் சர்க்கரை கூடிவிட்டது, தினமும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வருவது மருந்து விழுங்குவதைப் போலவே இருந்தது. ஃபஜ்ருக்குப் பிறகு தெருவழியே நடக்கத் தொடங்கிய ஒரு நாளில், சரிந்த வெயில் ஒரு பழைய கதவின் குமிழ்கள் மேல் விழுந்திருந்ததைக் கைப்பேசியில் படமெடுத்தேன். மறுநாள் அடுத்த தெருவில் அதைப்போல் ஒன்று இருக்குமா என்று தேடினேன். அதன் பிறகு எத்தனை நிமிடம் நடந்தேன் என்று கணக்குப் பார்த்ததில்லை. கும்பகோணத்துக்கும் தஞ்சைக்கும் இடையே அய்யம்பேட்டை, பண்டாரவாடை, இராஜகிரி. திருவாரூர்ப் பக்கம் கொடிக்கால்பாளையம், கூத்தாநல்லூர், பொதக்குடி. கடலோரம் நாகூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று வேலையாகவோ உறவு வீட்டுத் திருமணத்துக்கோ போகும் ஊரிலெல்லாம் ஒரு மணி நேரம் முன்னதாகச் சென்று தெருக்களைச் சுற்றி வருவது வழக்கமாகிவிட்டது. வண்டியில் போகும்போது தெரு என்பது கடந்து முடிக்க வேண்டிய தூரம். கதவு தேடி நடப்பவருக்கோ ஒவ்வொரு பத்தடியிலும் நிற்பதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

நடப்பதன் சிறப்பைப் பற்றி நமக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. மதீனாவின் ஒதுக்குப்புறத்தில் குடியிருந்த பனூ ஸலிமா கூட்டத்தார் மஸ்ஜிதுந் நபவிக்கு அருகே குடிபெயர விரும்பினார்கள். மதீனாவின் எல்லைப் பகுதி ஆளின்றி வெறுமையாவதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. பள்ளியை நோக்கி அவர்கள் எடுத்துவைக்கும் காலடிகளுக்கு நன்மை உண்டென்று கூறி, அவர்களை இருந்த இடத்திலேயே இருக்கச் செய்தார்கள். பள்ளிக்குச் செல்லும் நடையைப் பற்றியது அச்செய்தி. நான் கதவு பார்க்க நடப்பதற்கு அதைச் சான்றாக இழுக்க மாட்டேன். எனினும் ஓர் ஊரின் ஓரத்தில் மக்கள் தொடர்ந்து குடியிருக்க வேண்டும் என்ற அக்கறை அதில் இருக்கிறது. பூட்டிய வீடுகள் மிகுந்த நம் தெருக்களில் நடக்கும்போது அது அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

கதவுகளைப் படமெடுத்துத் திரிந்தவர்கள் உலகில் பலர் உண்டு. பாரிஸ் நகரில் ஏழேன் அட்ஜே என்பவர் 1890களின் இறுதியிலிருந்து 1927இல் இறக்கும் வரை, இடிபடவிருந்த பழைய தெருக்களையும் முற்றங்களையும் கதவுகளையும் கதவு தட்டும் வளையங்களையும்கூடப் பெரிய பெட்டிக் கேமராவைச் சுமந்துகொண்டு நடந்து பதிவு செய்தார். தஞ்சைக்கு அதற்கும் முந்திய கணக்கு இருக்கிறது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1857-58இல் மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு தென்மாவட்டங்களைச் சுற்றினார். பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, இருபதுக்கும் மேற்பட்ட படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். ஆனால் அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் படமெடுத்தவை பெரும்பாலும் கோயில், கோட்டை, அரண்மனை. குடியானவன் வீட்டு வாசலையோ மரைக்காயர் வீட்டுத் திண்ணையையோ அரசாங்கச் செலவில் படமெடுக்க யாரும் வரவில்லை. அந்த வேலை நம் கைப்பேசிகளுக்கு மிச்சமிருக்கிறது.

படுகைப் பகுதியின் ஒரு பழைய கதவைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். முதலில் நிலை. இரண்டு பக்கக் கால்கள், மேலே ஒரு கட்டை, கீழே ஒரு படி. வீடு கட்டும்போது சுவருக்கு முன்பே நிலை நிறுத்தப்படும். அதற்கென ஒரு நாள் பார்த்து, துஆ ஓதி, வந்தவர்களுக்கு இனிப்பு கொடுப்பார்கள். கீழ்ப்படி உயரமாக இருக்கும். மழைக்காலத்தில் தெருவில் ஓடும் தண்ணீர் உள்ளே வராமல் அது தடுக்கும். நுழைபவரைக் காலைத் தூக்கி வைக்கவும் செய்யும். மேற்கட்டை தாழ்வாக இருப்பதால் தலை தானாகக் குனியும். பழைய கதவுகளில் கீல் கிடையாது. பலகையின் ஓரத்தில் மேலும் கீழும் நீண்டிருக்கும் குடுமி, குழியில் அமர்ந்து சுழலும். எண்ணெய் காய்ந்துபோனால் அது எழுப்பும் முனகல் தெருக்கோடி வரை கேட்கும். இரவில் தாமதமாக வந்த பிள்ளைகளைக் காட்டிக்கொடுத்தது பெரும்பாலும் இந்தக் குடுமிதான்.

இரட்டைக் கதவின் மேல் வரிசையாகப் பித்தளைக் குமிழ்கள், நடுவில் இழுத்துத் தட்ட ஒரு வளையம், உட்புறம் தாழ்ப்பாளும் நாதாங்கியும், சில வீடுகளில் சுவருக்குள் இழுத்துச் செருகும் நீண்ட மரக்கட்டையும் உண்டு. மேற்கட்டையின் செதுக்கு வேலையில்தான் வீட்டுக்காரரின் மார்க்கம் தெரியும். இந்து வீட்டு நிலையில் யானை சூழ்ந்த இலக்குமியோ அன்னப்பறவையோ இருக்கும். முஸ்லிம் வீட்டு நிலையில் உருவங்கள் இரா; கொடி, இலை, மலர், பிறை, சில வீடுகளில் அரபு எழுத்தில் கலிமா அல்லது ஹிஜ்ரி ஆண்டு. இரண்டையும் செதுக்கியவர் பெரும்பாலும் ஒரே ஆசாரிதான். பலா மரத்தில் வீணை கடையும் ஊர் தஞ்சை. அந்த உளிக்குக் கொடியும் மலரும் கை வந்த வேலை. இரண்டு வீட்டு நிலைகளையும் அடுத்தடுத்துப் படமெடுத்துப் பாருங்கள். உருவம் இருந்த இடத்தில் ஒரு பெரிய தாமரை மட்டும் மலர்ந்திருக்கும். சுற்றிவரும் கொடி இரண்டிலும் ஒன்றாகவே ஓடும். மதங்களின் உறவைப் பற்றி மேடையில் பேசப்படும் பல பேச்சுகளை விட இந்த இரண்டு கட்டைகள் எனக்குத் தெளிவாகப் பேசுகின்றன.

மரம் எங்கிருந்து வந்தது? உள்ளூரில் பலா, வேம்பு, இலுப்பை, பூவரசு, பனை கிடைத்தன. நெல்லை மட்டும் நம்பிய வீடுகளின் கதவுகள் இவற்றால் ஆனவை. ஒரே பலகையில், தொட்டால் மெழுகு போல வழவழப்பாக, கரையான் அண்டாமல் நிற்கும் பெரிய கதவுகளோ தேக்கு. அதிலும் பெருமையாகச் சொல்லப்படுவது பர்மா தேக்கு. 19ஆம் நூற்றாண்டில் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் அந்நாட்டுக் காடுகளின் தேக்கு கப்பல் கப்பலாக வெளியேறியது. அதே காலத்தில் தமிழக வணிகர்களும் தொழிலாளர்களும் இரங்கூனுக்குச் சென்றனர். இங்கே 1861இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சைக்கும் இடையே இருப்புப்பாதை போடப்பட்டது. துறைமுகத்தில் இறங்கிய மரம் படுகையின் உட்பகுதிகளுக்குச் செல்ல வழி எளிதாயிற்று.

அதற்கு முன்பும் இந்தக் கரை கடலைப் பார்த்தே வாழ்ந்தது. நாகப்பட்டினத்தைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து ஒல்லாந்தர் 1658இல் கைப்பற்றினர். 1781இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. கொடிகள் மாறிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளிலெல்லாம் நாகூர் மரைக்காயர்களின் கப்பல்கள் அச்சேவுக்கும் கெடாவுக்கும் துணியுடன் சென்று வந்தன. 20ஆம் நூற்றாண்டில் 'ரஜூலா' போன்ற நீராவிக் கப்பல்கள் சென்னையிலிருந்து நாகை வழியாகப் பினாங்கு, சிங்கப்பூர் சென்றன. கூத்தாநல்லூருக்குச் 'சின்ன சிங்கப்பூர்' என்ற பெயர் வந்தது இந்தப் போக்குவரத்தால்தான். சைகோனில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசல் டோங் டூ தெருவில் இன்றும் இருக்கிறது.

இப்படி வந்த பணம் வீட்டின் எந்த இடத்தில் தெரிந்தது? தெருவில் நின்று பார்ப்பவருக்கு வாசலில்தான். வாசலின் மேல் சுண்ணாம்புச் சாந்தில் ஆண்டு பொறிக்கும் பழக்கம் அக்காலத்தில் இருந்தது. நான் எடுத்த படங்களில் ஆண்டு தெரிபவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தபோது 1910களிலிருந்து 1930கள் வரை ஒரு கூட்டமாக நின்றன. பிறகு நீண்ட இடைவெளி. சில தெருக்களின் படங்களை வைத்து நாடு முழுவதற்கும் முடிவு சொல்ல முடியாது. ஆனால் அந்த இடைவெளியில் நடந்தவை நமக்குத் தெரிந்தவையே. 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் அரிசி விலையும் இரப்பர் விலையும் வீழ்ந்தன. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1941 டிசம்பர் 23இல் இரங்கூன் மேல் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. இலட்சக்கணக்கான இந்தியர்கள் கடைகளையும் சேமிப்பையும் விட்டுவிட்டுத் திரும்பினார்கள்; கால்நடையாக மலைகளைக் கடந்தவர்களில் பல்லாயிரவர் ஊர் வந்து சேரவே இல்லை. முன்வாசல் அரண்மனை போலவும் பின்கட்டு பூசப்படாத செங்கல்லாகவும் நிற்கும் வீடுகளை நம் ஊர்களில் பார்க்கலாம். முன்புறம் கட்டியபோது பணம் வந்துகொண்டிருந்தது.

கடல் கடந்தவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். ஊர் மலர்களிலும் ஜமாஅத் விழா மலர்களிலும் அவர்களின் படங்கள் வருகின்றன. அந்தக் கதவுகளை நாற்பது, ஐம்பது ஆண்டுகள் திறந்து மூடியவர்கள் வேறு. கணவர் இரங்கூனிலோ சைகோனிலோ மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை வருவார். வீடு, வயல் குத்தகை, பிள்ளைகள், உறவு, நோய், நோன்பு எல்லாம் இங்கே ஒரு பெண்ணின் பொறுப்பு. தபால்காரர் வந்து நின்றதும், மணியார்டர் பணம் எண்ணப்பட்டதும், தந்தி வந்தால் தெருவே வாய்பொத்தி நின்றதும் இந்த நிலைப்படியில்தான். அதிராம்பட்டினத்தில் மகளுக்குத் திருமணத்தின்போது வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்வதும் நெடுநாள் வழக்கம். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் அதைக் காணலாம். அதனால் அத்தெருக்களில் வீடு என்பது பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் ஒன்று. பெண்ணுக்கு வீடு கொடுத்தே தகப்பன்மார் கடனாளியாகிறார்கள் என்ற குறையை அவ்வூர்க்காரர்களே எழுப்புகிறார்கள். அது நியாயமான குறை. ஆனாலும் கப்பலேறும் ஆண்கள் திரும்பி வராமல் போகக்கூடிய ஒரு ஊரில், பெண்ணின் தலைமேல் ஒரு கூரை உறுதியாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. வாசல் மேல் பொறித்த பெயர் ஆணுடையது. வாசல் யாருடையது என்று கேட்டால் விடை வேறாக இருக்கலாம்.

வீட்டுக்கு ஒரே வாசல் என்று எண்ணிவிடக் கூடாது. தெருவிலிருந்து பின்தெரு அல்லது வாய்க்கால்கரை வரை நீளும் மனையில் திண்ணை, நடை, முற்றம், தாழ்வாரம், அடுக்களை, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். கொல்லைவாசல் வழியே அறுவடைக் காலத்தில் நெல்வண்டி வரும். குதிரும் பத்தாயமும் அந்தப் பக்கம்தான். பெண்கள் உறவு வீட்டுக்குச் செல்வதும் பெரும்பாலும் அவ்வழியே. காயல்பட்டினத்தில் இதற்கென்றே வீடுகளுக்கு இடையே 'முடுக்கு' என்னும் குறுகிய சந்துகள் உள்ளன. ஈரானின் யஸ்த் போன்ற பழைய நகரங்களில் ஒரே கதவில் இரண்டு தட்டுக் கருவிகள் இருக்கும்: கனத்த ஒலி எழுப்புவது ஆண் விருந்தினருக்கு, மெல்லிய ஒலி எழுப்புவது பெண்களுக்கு. வந்திருப்பவர் யார் என்பதை ஒலியால் அறிந்து யார் கதவு திறப்பது என்று முடிவு செய்தார்கள். நம் ஊரில் அந்த வேலையைத் திண்ணையும் குரலும் செய்தன. வந்தவர் திண்ணையில் அமர்ந்து ஸலாம் சொல்வார். உள்ளேயிருந்து திரைக்குப் பின்னால் பதில் வரும்.

இங்கே படமெடுப்பவருக்கு ஒரு கேள்வி எழுகிறது. வாசல் தெருவைப் பார்த்து நிற்பதால் தெருவில் போகும் எவரும் அதைப் படமெடுத்துக்கொள்ளலாமா?

திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் (24:27-28) பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் கூறிய பின்னரே நுழைய வேண்டும் என்றும், திரும்பிச் செல்லுமாறு சொல்லப்பட்டால் திரும்பிவிடுவதே தூய்மையானது என்றும் கற்பிக்கிறது. நபி (ஸல்) அவர்கள் ஒருவரின் வீட்டுக்குச் சென்றால் வாசலுக்கு நேரே முகம் காட்டி நிற்க மாட்டார்கள். வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நின்று ஸலாம் சொல்வார்கள். அக்காலத்து வாசல்களில் திரை இல்லாதிருந்ததே காரணம் என்று அந்த அறிவிப்பு விளக்குகிறது. நபியவர்களின் வீட்டுக்குள் துவாரம் வழியாக ஒருவர் எட்டிப் பார்த்தபோது, அனுமதி கேட்கும் முறை ஏற்படுத்தப்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்று கண்டித்தார்கள் (புகாரி). அதாவது, கால் உள்ளே வைப்பதற்கு முன்பே கண் உள்ளே போய்விடுகிறது. கேமரா என்பது கண்ணைவிடத் தொலைவு பார்ப்பது, பார்த்ததை மறக்காதது, பிறருக்கும் காட்டுவது. எனவே அனுமதி பற்றிய ஒழுக்கம் அதற்கு இன்னும் அழுத்தமாகவே பொருந்தும் என்பது என் கருத்து.

ஆகவே எனக்கென்று சில வழக்கங்கள் வைத்துக்கொண்டேன். மூடிய கதவை மட்டும் எடுப்பேன். திறந்திருந்தால் கேமராவைத் தாழ்த்திவிடுவேன். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தால் ஒதுங்கி நின்று ஸலாம் சொல்லிக் கேட்பேன். மூன்று முறைக்குப் பதில் இல்லையென்றால் நடையைத் தொடர்வேன். வேண்டாம் என்றால் காரணம் கேட்பதில்லை. இதனால் நல்ல படங்கள் சில கைநழுவிப் போயிருக்கின்றன. ஆனால் கேட்டதால் கிடைத்தவை அதிகம். அனுமதி கொடுத்தவர்கள் பெரும்பாலும் கதவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். யார் கொண்டு வந்த மரம், எந்த ஆசாரி, எந்தக் கல்யாணத்துக்கு வண்ணம் பூசியது, எந்தக் குமிழ் எப்போது களவு போனது என்று கால் மணி நேரம் ஓடும். படத்தில் வராத வரலாறு அது. ஒரு மூதாட்டி, "கதவை எடுத்துக்கோங்க தம்பி, ஆனா அந்தப் பச்சைப் பெயின்ட்ட பேரன் அடிச்சான், அது பழசுன்னு எழுதிடாதீங்க" என்று எச்சரித்து அனுப்பினார்.

வாசல்கள் கப்பலேறியதும் உண்டு. நாகூர் தர்காவின் மினாராக்களுள் உயர்ந்ததைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் (1739-1763) கட்டுவித்தார். 131 அடி உயரம். தர்கா பற்றிய மார்க்கக் கருத்து வேறுபாடுகள் இந்தக் கட்டுரைக்கு அப்பாற்பட்டவை. வரலாறு என்ற அளவில், இந்து மன்னர் எழுப்பிய மினாரா ஒன்று கடலிலிருந்து வரும் முஸ்லிம் மாலுமிகளுக்கு ஊர் அடையாளமாக நின்றது என்பது நாம் அறிய வேண்டியது. அங்கிருந்து புறப்பட்டவர்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூரின் நினைவாகவே கட்டடங்கள் எழுப்பினார்கள். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பட்டது, அப்போது கடற்கரையாக இருந்த இடத்தில் நின்றது. கப்பலிலிருந்து இறங்கியவர் முதலில் கண்டது, தான் விட்டுவந்த ஊரின் சாயலில் ஒரு முகப்பு. சிங்கப்பூர் அரசு அதை 1974இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. நாகூரிலிருந்து சென்றவர்களின் முகப்புக்கு அயல்நாட்டில் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அவர்கள் புறப்பட்ட தெருக்களின் வாசல்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

அந்த வாசல்கள் போய்க்கொண்டிருக்கின்றன. கடலோரத்தில் இயற்கையும் ஒரு காரணம்: 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை, 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல். கஜாவில் கூரை ஓடுகள் பறந்துபோன பழைய வீடுகள் பல மீண்டும் ஓடு வேயப்படாமல் காங்கிரீட்டுக்கு மாறின. ஆனால் உள்ளூர்களில் எந்தப் புயலும் வராமலே கதவுகள் மறைகின்றன. அதன் காரணம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

மார்க்கம் விதித்த பாகப்பிரிவினையில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் பெற்றோருக்கும் உரிய பங்கு உண்டு. அது நீதியானது, பெண்ணின் சொத்துரிமையை உலகம் பேசத் தொடங்குவதற்கு முன்பே உறுதிசெய்தது. வயலை அளந்து பிரிக்கலாம், பணத்தை எண்ணிப் பிரிக்கலாம். ஒரு முற்றத்தையும் ஒரு நிலைவாசலையும் பதினான்கு பேருக்கு எப்படிப் பிரிப்பது? இரண்டு தலைமுறை பங்கு பிரிக்காமல் விட்டால் வாரிசுகள் துபாய், சிங்கப்பூர், சென்னை, இலண்டன் என்று பரவிவிடுகிறார்கள். பழுது பார்க்க யாரும் முன்வருவதில்லை; விற்பதற்கு மட்டும் கையெழுத்து ஒன்று சேர்கிறது. வாங்குபவருக்கு வேண்டியது மனை. இடிப்பதற்கு முன் மரவியாபாரி வருவார். நிலை, கதவு, தூண், உத்தரம் என்று தனித்தனியாக விலை பேசுவார். அவை காரைக்குடிப் பழம்பொருள் கடைகளிலும் பிறகு எங்கோ ஒரு விடுதியின் வரவேற்பறையிலும் நிற்கும். குமிழ் தேய்ந்த அந்தக் கதவை அங்கே பார்ப்பவர்கள் 'செட்டிநாட்டுக் கதவு' என்றே சொல்வார்கள். அய்யம்பேட்டைத் தெருவில் அதைத் திறந்து மூடியவர்களின் சுவடு அத்தோடு அழிந்துவிடும்.

எல்லா வீட்டையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒழுகும் வீட்டில் வயதான தாயைக் குடியிருத்திவிட்டு அழகைப் போற்றச் சொல்வது அநியாயம். கதவின் விலையால் ஒரு பேத்தியின் படிப்பு நடந்தால் அது நல்ல விலைதான். வேறு வழியும் இல்லாமல் இல்லை. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் விட்டுச்சென்ற 1792ஆம் ஆண்டு நகர வாயிலை எல்லோரும் படமெடுக்கிறார்கள்; ஆழிப்பேரலைக்குப் பின் அவ்வூரின் பொற்கொல்லர் தெருவில் ஓட்டு வீடுகளும் திண்ணைகளும் 'இன்டாக்' அமைப்பின் முயற்சியால் புதுப்பிக்கப்பட்டன என்பதை வெகுசிலரே கவனிக்கிறார்கள். பணமும் ஒற்றுமையும் உள்ள ஜமாஅத் ஒன்று ஒரே ஒரு வீட்டையாவது நூலகமாகவோ மக்தபாகவோ வைத்துக்கொள்ள முடியும். அதுவும் இயலாத ஊரில் விற்பதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து வைக்கலாம். அதற்குக் கையெழுத்து தேவையில்லை.

எடுப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் காலையும் மாலையும் வெயில் சுவரை உரசிக்கொண்டு வரும். செதுக்கு வேலை அப்போதுதான் எழுந்து தெரியும். நண்பகலில் எல்லாம் தட்டையாகிவிடும். அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் மிக நல்லது. திண்ணையில் ஆட்களும் இருப்பார்கள், கேட்பதற்கு வசதி. முழுக் கதவுக்கு ஒரு படம், மேற்கட்டைக்கு ஒன்று, தாழ்ப்பாளுக்கு ஒன்று போதும். அத்துடன் ஊர், தெரு, எடுத்த நாள், மரம் எது, யார் சொன்னது என்று ஐந்து வரி எழுதி வைக்க வேண்டும். குடியிருப்பவரின் பெயரையும் வீட்டு எண்ணையும் இணையத்தில் போடாதீர்கள். பூட்டிய வீடு எது என்பது திருடர்களுக்கும் பயன்படும் செய்தி.

பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்களிடம் கைப்பேசியைக் கொடுத்தால் நாம் பார்க்காத உயரத்திலிருந்து எடுப்பார்கள். கீழ்ப்படியின் தேய்மானம் அவர்கள் கண்ணில்தான் முதலில் படும். போகும்போது கதவின் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் என்ன என்று அங்கிருக்கும் மூத்த பெண்களிடம் கேட்கச் சொல்லுங்கள். தாழ்ப்பாள், கொண்டி, நாதாங்கி, குடுமி, ஆளோடி என்று ஊருக்கு ஊர் சொல் மாறும், ஒரே சொல் வேறு பொருளிலும் வரும். கூத்தாநல்லூரில் குறித்துக்கொண்டதை நாகூரில் சொல்லிப் பாருங்கள். ஒரு சிறிய வாக்குவாதம் உறுதியாகக் கிடைக்கும், அதோடு தேநீரும்.